ஹீட் பம்ப் வெந்நீர்: பள்ளத்தூர் வீட்டில் நான்கு மார்கழி

எங்கள் வீட்டுக்கு ஹீட் பம்ப் வந்து இந்தத் தையோடு நான்கு வருடம் ஆகிறது. 2021 ஜனவரியில் வாங்கும்போது, நம் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கடைக்காரர் சொன்னது பாதி, மருமகன் அனுப்பிய வீடியோக்கள் பாதி, மீதிக்கு அசட்டுத் துணிச்சல். இப்போது பங்காளி வீடுகளிலிருந்து மாதம் ஒருவராவது, "அண்ணே, அந்தப் பெட்டி எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் நல்லது, கெட்டது, நான் செய்த முட்டாள்தனம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது குளிக்கிற தண்ணீரைச் சுட வைக்கிற மிஷின். வீட்டைச் சூடாக்குகிறது இல்லை. செட்டிநாட்டில் வீட்டைச் சூடாக்கக் காசு செலவழித்தேன் என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். தடித்த சுவர், உயரமான கூரை, நடுவில் திறந்த வளவு வாசல் என்று எங்கள் தாத்தாமார், அந்த ஐயாக்கள், பர்மாவில் சம்பாதித்த பணத்தைக் கொட்டியதே சூட்டை வெளியே நிறுத்தத்தான். மார்கழி விடியலில் 21 டிகிரிக்கு வந்தாலே எங்களுக்கு மஃப்ளர் தேவைப்படும். ஆனால் இதே மிஷினின் அண்ணன் ஒருவன் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் என் மகளின் வீட்டை முழுக்கச் சூடாக்குகிறான். ஒரு மார்கழியை அங்கே போய்க் கழித்தேன். அந்தக் கதை பின்னால்.

முன்பு எங்கள் வீட்டில் வெந்நீர் எப்படி வந்தது என்றால், நான்கு குளியலறைக்கு நான்கு கீசர். ஒவ்வொன்றும் 25 லிட்டர், 2 கிலோவாட். காலை ஐந்தரைக்கு இரண்டு கீசரும் கிணற்று மோட்டாரும் ஒன்றாக ஓடினால் ட்யூப்லைட் மினுங்கும். ஆத்தாவுக்கு மட்டும் தனியாகப் பின்கட்டில் விறகுப் பாய்லர். அவருக்கு இப்போது 86 வயது. கீசர் தண்ணீரில் குளித்தால் மூட்டு வலி போகாது என்பது அவர் கட்சி. பாய்லருக்கு விறகு வாங்குவது, அடுக்குவது, மழைக்காலத்தில் ஈர விறகோடு ஊதுகுழல் வைத்து மல்லுக்கட்டுவது என்று வேலை செய்யும் அக்காவுக்குத் தினமும் முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். அவர் ஒருநாள் விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, அடுத்த மழைக்கு நான் இல்லை" என்று சொன்னபோதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

சோலார் ஏன் வைக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மொட்டைமாடி இருப்பது முகப்புப் பக்கம், குளியலறைகள் எல்லாம் பின்கட்டில். நடுவில் நாட்டு ஓட்டுக் கூரை; அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்ற எந்தக் கொத்தனாரும் சம்மதிக்க மாட்டார். அதோடு ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால், வெந்நீர் உண்மையிலேயே வேண்டியிருக்கிற நாளில்தான் சோலார் கைவிடும். தெற்குப் பார்த்த மொட்டைமாடியும் அதன் கீழேயே குளியலறையும் இருப்பவர்கள் சோலாரே வையுங்கள். என்னிடம் கேட்கவே வேண்டாம்.

சரி, இந்தப் பெட்டி என்ன செய்கிறது? எங்கள் தோட்டத்தில் ஏற்றம் இறைத்ததை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். ஏற்றம் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிடக்கிற தண்ணீரை மேலே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். ஹீட் பம்பும் அப்படி. காற்றில் ஏற்கெனவே இருக்கிற சூட்டை இறைத்துத் தொட்டித் தண்ணீரில் ஊற்றுகிறது. கரண்ட் செலவாவது இறைக்கிற கூலிக்கு மட்டும்.

உள்ளே ஓடுவது ஆர்-134ஏ என்ற பொருள். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு நம் ஊர்க் காற்று அடுப்பு மாதிரி. விசிறி காற்றை இழுத்து ஒரு குழாய்ச் சுருள்மேல் விடுகிறது. சுருளுக்குள் இருக்கும் திரவம் காற்றின் சூட்டை வாங்கி ஆவியாகிறது. சூட்டைக் கொடுத்த காற்று சில்லென்று வெளியே போகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் நெருக்கும்போது, சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதுபோல நன்றாகச் சூடேறுகிறது. சூடான ஆவி தொட்டியைச் சுற்றியிருக்கிற குழாயில் போய்த் தண்ணீரைச் சுடவைத்துவிட்டுத் தானும் திரவமாகிறது. பிறகு ஒரு சின்ன வால்வைத் தாண்டினால் அழுத்தம் இறங்கி மறுபடி குளிர்ந்துவிடும். மறுபடி காற்று, மறுபடி சுருள். ஃபிரிட்ஜும் ஏசியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நாம் முன்பக்கத்துக் குளிரைப் பார்க்கிறோம், பின்பக்கத்துச் சூட்டைத் தூக்கி எறிகிறோம். இதில் எறிகிற பக்கம்தான் சரக்கு.

ஏற்றக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. கிணறு ஆழமானால் கூலி ஏறும். 30 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரித் தண்ணீருக்கு ஏற்றுவது ஒரு ஆழம். 20 டிகிரிக் காற்றிலிருந்து 65-க்கு ஏற்றுவது வேறு ஆழம். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இந்த மிஷினை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். எனக்கு அது ஏற ஒன்றரை வருடம் ஆனது.

நாங்கள் வாங்கியது 200 லிட்டர். தொட்டியும் மிஷினும் ஒன்றாகச் சேர்ந்தது, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. குழாய், வயரிங், சிமெண்ட் மேடை எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய் ஆனது. அதற்கென்று ஒரு தனி சப் மீட்டர் போடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தம்பி, "எதுக்குண்ணே வீண் செலவு?" என்றார். ஆனால் இந்த நான்கு வருடத்தில் எனக்கு உண்மை பேசியது அந்த மீட்டர் ஒன்றுதான்.

முதல் தப்பு, வைத்த இடம். மூன்றாங்கட்டில், அடுப்படிக்கு அடுத்தாற்போல் சாமான் அறை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு சின்ன ஜன்னல். மழை படாது, வெயில் படாது, குளியலறைக்கும் கிட்டம் என்று அங்கே வைத்துவிட்டோம். ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் அறை குளுகுளுவென்று ஆனது. எனக்கு ஒரே சந்தோஷம், ஓசியில் ஏசி கிடைத்துவிட்டதாக. அப்புறம் பார்த்தால் தண்ணீர் சூடாக ஐந்தரை மணி நேரம் ஆகிறது. பெட்டி தான் விட்ட குளிர்ந்த காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே ஊற்றினாலாவது கிணறு நிறையும். இது அதைவிட மோசம்.

அடுத்ததாக, காற்று வந்து போக இரண்டு ஆறு அங்குலக் குழாய் போட்டோம். இழுக்கும் குழாயின் வாயை நான் அடுப்படிப் பக்கம் திருப்பி வைத்தேன். அங்கே எப்போதும் வெக்கை. அந்த வெக்கையை உறிஞ்சித் தண்ணீரைச் சுடவைக்கும், அடுப்படியும் ஆறும் என்று கணக்கு. எட்டு மாதம் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். பிறகு மீட்டர் மெல்ல ஏற ஆரம்பித்தது. சர்வீஸுக்கு வந்த பையன் மூடியைக் கழற்றி விரலால் தடவிக் காட்டினார். சுருளின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. முகர்ந்தால் சோம்பும் பட்டையும் வாசனை! செட்டிநாட்டு அடுப்படியில் தாளிப்புக்கு என்ன குறை. சோப்புத் தண்ணீர் ஊற்றி, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் இரண்டு மணி நேரம் தேய்த்தார்.

இப்போது இழுக்கும் வாய் பின்வாசலைப் பார்த்து, கொசுவலை போட்டபடி இருக்கிறது. விடும் வாய் மட்டும் சாமான் அறைக்குள். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. குளிர்ந்த காற்றுதானே என்று தீபாவளிப் பலகாரத் தகர டின்களை அந்தக் குழாய்க்கு எதிரே அடுக்கினோம். நான்காம் நாள் மணகோலம் நமுத்துப் போனது, சீப்புச் சீடை கடித்தால் சத்தமே இல்லை. வெளியே வருகிற காற்றில் குளிர்ச்சியோடு ஈரப்பதமும் தூக்கலாக இருக்கும் என்பதை ஆத்தாதான் கண்டுபிடித்தார். டின் மூடியின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பனி விழுந்த மாதிரி இருக்கே" என்றார். பலகாரம் இடம் மாறியது. அந்த இடத்துக்கு வாழைத்தாரும் மாங்காயும் கீரையும் வந்தன. தார் முன்பைவிட மூன்று நான்கு நாள் தாமதமாகப் பழுக்கிறது. இதற்காக யாரும் லட்ச ரூபாய் கொடுக்க வேண்டாம், ஆனால் கிடைக்கிறதை ஏன் விடுவானேன்.

காற்று குளிரும்போது அதிலிருக்கிற ஈரத்தில் ஒரு பகுதி சுருளிலேயே தண்ணீராக இறங்கும் அல்லவா, அது தனிக் குழாயில் சொட்டும். ஐப்பசியில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வாளியில் சேர்கிறது. பங்குனியில் அரை லிட்டர்கூட வராது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது. சுருளின் தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும், வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது.

இனி கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட் மணி வேண்டும்; ஆயிரம் வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட். இது எந்த மிஷினுக்கும் பொது. 200 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்றினால் 6.3 யூனிட் சூடு தேவை. கீசர் என்றால் மீட்டரிலும் அதே 6.3 ஓடும், தொட்டி ஆறுகிற நஷ்டம் வேறு. எங்கள் சப் மீட்டர் அதே வேலைக்குக் காட்டுவது 1.8. அதாவது ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை யூனிட் சூடு. விளம்பரத்தில் நான்குக்கு மேல் போட்டிருந்தார்கள். பொண்ணு பார்க்கப் போகும்போது சொல்லும் வயது மாதிரி அது, கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே 35 டிகிரியில் வரும். அப்போது நாளைக்கு 1.2 யூனிட்டுக்கு மேல் போவதில்லை. மார்கழியில் 2.6 வரை போகும். இழுக்கும் குழாயை வெளியே மாற்றிய பிறகு வந்த முழு வருடத்தில் மொத்தம் 684 யூனிட். கீசரில் இதே தண்ணீருக்கு 2,200 யூனிட் ஆகியிருக்கும் என்பது என் மதிப்பீடு. மிச்சம் 1,500 யூனிட். எங்கள் வீட்டு உபயோகம் போய் விழும் ஸ்லாப்பில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 13,500 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பத்து வருடம். விறகுக் காசைச் சேர்த்தால் எட்டு ஒன்பது ஆகலாம். கடைக்காரர் சொன்ன 'மூன்றே வருடம்' எந்தக் கணக்கில் வந்தது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. ஓட்டலுக்கோ லாட்ஜுக்கோ தினமும் ஆயிரம் லிட்டர் வெந்நீர் வேண்டுமானால் ஒருவேளை வரலாம். இரண்டு பேர் இருக்கிற வீடு, இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட்டுக்குள் ஓடுகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீசர் வாங்கிப் போட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாவது தப்பு, பழைய பழக்கம். கீசருக்குப் பழகிய கை, குளிக்கப் போகும்போது ஸ்விட்சைப் போடும். இந்தப் பெட்டி அவசரத்துக்கு ஆகாது. 200 லிட்டருக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வந்த புதிதில் காலை ஐந்து மணிக்கு ஓடும்படி வைத்திருந்தோம். சூடு போதவில்லை என்று வீட்டில் ஆளாளுக்கு முணுமுணுத்ததால், பொருத்த வந்தவர் 'பூஸ்ட்' என்று ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போனார். தண்ணீர் சீக்கிரம் சுட்டது. இரண்டு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்தால் நாளைக்கு ஐந்து யூனிட். அந்தப் பட்டன் உள்ளே இருக்கும் 1.5 கிலோவாட் ஹீட்டர் கம்பியை ஓட்டுகிறது. அதாவது, லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்டியை நாங்கள் பெரிய கீசராக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓடும்படி டைமர். அப்போதுதான் காற்று சூடாக இருக்கும், ஏற்றத்துக்கு ஆழம் குறைவு. மூன்று மணிக்கு 55-இல் நிற்கிற தண்ணீர், மறுநாள் விடியலில் 52-இல் இருக்கும். தொட்டியைச் சுற்றிக் கனமான நுரைப் பஞ்சு இருப்பதால் அவ்வளவு மெதுவாக ஆறுகிறது. வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை, 60-க்கு மேல் ஏற்றுகிறோம். வெதுவெதுப்பாகவே தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைப் பிடிக்கும். 60 டிகிரியில் அது நிற்காது. வயதானவர் குளிக்கிற வீட்டில் இதை விடக்கூடாது.

பகலில் ஓடுவதில் ஒரு சங்கடம், சத்தம். கூலர் ஓடுகிற அளவுக்கு இரையும். பட்டாலையில் மத்தியானம் படுக்கிறவர்களுக்குக் கேட்காது. மூன்றாங்கட்டில் படுத்தால் கேட்கும். ஆத்தா அங்கேதான் படுப்பார். முதல் மாதம் திட்டினார். இப்போது பெட்டி நின்றால்தான் எழுந்து பார்க்கிறார்.

எங்கள் பக்கத்து வீட்டு அமைப்புக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்ட வீடு. பெட்டி மூன்றாங்கட்டில் இருக்கிறது. முகப்பு மாடி விருந்தினர் அறைக்குக் குழாய் 40 மீட்டர் ஓட வேண்டும். முக்கால் அங்குலக் குழாய்க்குள் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணீர் நிற்கும். அப்படியென்றால் வெந்நீர் வருவதற்கு முன் 12 லிட்டர் பச்சைத் தண்ணீர் கொட்ட வேண்டும், ஏறக்குறைய ஒரு வாளி. குளித்து முடித்ததும் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறிப்போகும். தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட்ட ஒரு சின்ன பம்பு போட்டுப் பார்த்தோம். குழாய் எப்போதும் சூடாக இருந்தது. அந்தச் சூடெல்லாம் சுவருக்குத்தான் போனது, மீட்டர் இரட்டிப்பானது. கழற்றிவிட்டேன். முகப்பு அறைக்குப் பழைய கீசரையே திரும்ப மாட்டியாயிற்று. எல்லாவற்றையும் ஒரே மிஷினில் கோர்க்க வேண்டும் என்று என்ன வேண்டுதலா?

மூன்றாம் வருடம் தண்ணீரில் லேசாகத் துரு வாசனை. பக்கத்துத் தெருவில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருக்கிறார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம் அது; அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்தார். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்வது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. அவரிடம் போய்ச் சொன்னதும், பெட்டியைப் பார்க்காமலே, "ஆனோட் ராடு மாத்தினீங்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

தொட்டி இரும்பு, உள்ளே பீங்கான் பூச்சு. பூச்சில் எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் இரும்பைத் தின்னத் தொடங்கும். அதற்காக உள்ளே ஒரு மக்னீசியக் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் எளிதாக அரியும். அரிப்பு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். மேல் நட்டைத் திருகி இழுத்தோம். கட்டைவிரல் கனத்தில் இருந்திருக்க வேண்டிய கம்பி, ஊதுபத்திக் குச்சி மாதிரி வந்தது, இரண்டு இடத்தில் வெறும் நடுக்கம்பி மட்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதனால் இன்னும் சீக்கிரம் கரைந்திருக்கிறது. புதுக் கம்பி விலை பெரிதில்லை. தொட்டி ஓட்டையானால் முழுப் பெட்டியும் போச்சு. விற்றவரும் சொல்லவில்லை, வருடா வருடம் சர்வீஸுக்கு வந்தவரும் சொல்லவில்லை. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். மாற்றும்போது அடி வால்வைத் திறந்தால் உப்புப் பொருக்கு ஒரு கிண்ணம் வருகிறது, அதையும் அலசிவிட வேண்டும்.

பெரிய கோளாறு என்று வந்தது ஒன்றுதான். 2022 ஆடியில் வோல்டேஜ் எகிறி, கண்ட்ரோல் போர்டு போய்விட்டது. கவரைத் திறந்தால் உள்ளே கருகிய பல்லி ஒன்றும் கிடந்தது. யார் முதலில் போனார்கள் என்று சர்வீஸ்காரராலும் சொல்ல முடியவில்லை. போர்டு சென்னையில் இல்லை, புனேயிலிருந்து வர வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று 24 நாள். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் என்று கேள்வி. வாங்கும்போது விலையை விடுங்கள், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். அதற்கப்புறம் ஸ்டெபிலைசர் போட்டேன், கேபிள் நுழையும் ஓட்டைகளை எல்லாம் அடைத்தேன். பல்லி வரவில்லை. எறும்பு வருகிறது.

அந்த 24 நாளும் விறகுப் பாய்லர்தான். நல்லவேளை, அதை எடைக்குப் போடவில்லை.

எனக்கு நடந்த அறுபதாம் கல்யாணத்துக்கும் அதுதான் கைகொடுத்தது. வீட்டில் நாற்பது பேர். 55 டிகிரி வெந்நீரையும் 28 டிகிரிப் பச்சைத் தண்ணீரையும் கலந்து 40-க்குக் கொண்டுவந்தால், 200 லிட்டர் வெந்நீர் கிட்டத்தட்ட 450 லிட்டர் குளிக்கிற தண்ணீர் ஆகும். காகிதத்தில் 30 வாளி. நிஜத்தில் தொட்டி காலியாகக் காலியாகக் கீழிருந்து பச்சைத் தண்ணீர் ஏறிக் கலப்பதால், இருபத்து நான்கு வாளிக்குப் பிறகு வெதுவெதுப்புதான். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்து ஐந்தே முக்காலுக்குள் தீர்ந்துவிட்டது. அடுத்த தொட்டிக்கு மூன்று மணி நேரம்; முகூர்த்தம் காத்திருக்குமா? பின்கட்டில் பெரிய தவலையை ஏற்றித் தீ மூட்டினோம். சம்பந்தி வீட்டார் அதைத்தான் ரசித்துப் போட்டோ எடுத்தார்கள்.

இப்போது லீட்ஸ். மகளும் மருமகனும் 2023 நவம்பரில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தார்கள். அங்கே அரசாங்கம் இதற்கு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. டிசம்பரில் நான் போய் இறங்கியபோது வெளியே மைனஸ் 2. வீட்டுப் பின்பக்கம் ஏசி அவுட்டோர் மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் என்ன சூடு இருக்கும், இதில் எதை இறைக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்குள் ஓடுவது ஆர்-32. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 அளவிலேயே கொதிப்பது. அதற்கு மைனஸ் 2 என்பது வெக்கைதான்.

வீட்டுக்குள் சுவரோரம் ரேடியேட்டர்கள், தண்ணீர் ஓடும் இரும்புப் பலகைகள். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும். "என்னம்மா, ஆறிப்போச்சே" என்றேன். "அது அப்படித்தான் அப்பா" என்றாள். கேஸ் பாய்லர் காலத்தில் 65, 70 டிகிரித் தண்ணீர் ஓடி, கை வைத்தால் சுடுமாம். இப்போது 42. ஆழம் குறையக் குறையக் கூலி குறையும், அதே ஏற்றம்தான். சூடு குறைந்த தண்ணீரிலிருந்து அதே அளவு வெப்பம் அறைக்குள் வர வேண்டுமானால் பலகை பெரிதாக வேண்டும். நாலு அறையில் ஒற்றைப் பலகையை எடுத்துவிட்டு இரட்டை போட்டிருந்தார்கள். பரணுக்குள் கனமாகப் பஞ்சு விரித்திருந்தார்கள். ராத்திரியும் பகலும் விடாமல் மெல்ல ஓடுகிறது. வெளியே குளிர் ஏறினால் தண்ணீரின் சூடு தானாக ஒன்றிரண்டு டிகிரி ஏறும், வெயில் வந்தால் இறங்கும்.

ஒருநாள் காலையில் காபியோடு ஜன்னலில் நின்றேன். உறுமிக்கொண்டிருந்த பெட்டி சட்டென்று விசிறியை நிறுத்தியது. சுருள் முழுக்க வெள்ளையாக உறைபனி. உஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் பெட்டியிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்தது. மகளைக் கூப்பிட்டு, "புகை வருது!" என்றேன். அவள் சிரித்தாள். ஈரக் காற்றிலிருந்து சூட்டை எடுக்கும்போது சுருளில் பனி பிடித்துக்கொள்ளும்; அவ்வப்போது மிஷின் தலைகீழாக ஓடி, வீட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் சூட்டைக் கடன் வாங்கிப் பனியை உருக்கும். ஐந்து நிமிடத்தில் மறுபடி விசிறி சுற்றியது. உருகிய தண்ணீர் வழிந்த இடத்தில் நடைபாதை கண்ணாடியாக உறைந்து, தபால்காரர் வழுக்கப் பார்த்தார். எங்கள் வீட்டில் கறிவேப்பிலைக்குப் போகிற தண்ணீர் அங்கே ஆளை விழத்தட்டுகிறது.

அந்த ஊரிலும் குறை சொல்பவர்கள் நிறைய. மருமகனின் நண்பர் ஒருவர் பழைய பாய்லர் மாதிரியே காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று ஓட்டிவிட்டு, வீடு சூடாகவில்லை, பில் எகிறுகிறது என்று புலம்பினார். எனக்கு எங்கள் பூஸ்ட் பட்டன் ஞாபகம் வந்தது. பில்லைப் பொறுத்தவரை அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே ஒரு யூனிட் கரண்ட், கேஸின் ஒரு யூனிட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. ஒன்றுக்கு மூன்று சூடு கிடைத்தாலும் கேஸோடு சரிக்குச் சரி நிற்பதற்கே மூச்சு வாங்கும். மானியம் இல்லாவிட்டால் இறங்கியிருக்க மாட்டோம் என்று மகளே சொன்னாள். ஆனால் வீடு முழுக்க, மாடிப்படி உட்பட, ஒரே சீராக 20 டிகிரி. முந்தைய தடவை போனபோது ரேடியேட்டர் பக்கம் வியர்த்தது, கதவுப் பக்கம் நடுங்கியது. இந்தத் தடவை அது இல்லை.

திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் பெட்டியை 55-இலிருந்து 50-க்கு இறக்கினது. சாதாரண நாளில் நாங்கள் ஐந்து பேர், 50 போதும். மார்கழியிலும் விருந்தாள் வந்தாலும் மட்டும் 55. இதில் நாளைக்குக் கால் யூனிட் குறைந்திருக்கிறது.

ஆத்தா மட்டும் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் இதில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏப்பா, சூடு இருக்கு, ஆனா வெந்நீரா இல்லியே" என்றார். விறகுப் புகையின் மணமும் செம்பின் வாசனையும் இல்லாததைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அதனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமைகளில் மட்டும் பாய்லருக்கு நான்கு விறகு போடுகிறோம். அதிலும் ஒரு திருட்டு இருக்கிறது. பாய்லரில் ஊற்றுவதே ஹீட் பம்ப் தண்ணீர்தான். பத்து நிமிடத்தில் கொதித்துவிடுகிறது, வேலை செய்யும் அக்காவுக்கும் சிரமமில்லை. ஆத்தாவுக்கு இது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போன சனிக்கிழமை பாய்லரடியில் உட்கார்ந்து, "இன்னைக்குப் பெட்டித் தண்ணி கொஞ்சம் ஆறிப்போயிருக்கு, பாத்து விறகு போடு" என்கிறார்.